கினோவா பொட்டலமும் பொலிவியாவின் லாமாக்களும்

இன்று கடையில் கினோவா பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டு வெகுநேரம் நின்றிருந்தேன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விதைத்து உண்ட தானியம் இது. அங்குள்ள நகரவாசிகள் 'இந்தியர் சாப்பாடு', அதாவது பழங்குடிகளின் சாப்பாடு, என்று இளக்காரமாகப் பார்த்ததும் இதைத்தான்.

உலகம் இதைக் கண்டுகொண்டது. 2013-ஐ ஐ.நா. கினோவா ஆண்டாக அறிவித்தது. அதற்குள் விலை பல மடங்கு ஏறியிருந்தது. ஏழைகளின் தட்டிலிருந்து தானியத்தைப் பிடுங்கிவிட்டோம் என்று அப்போது பலர் எழுதினார்கள். அது முழு உண்மை அல்ல. விலை ஏறியபோது விளைவித்தவர்களின் கையில் காசு புரண்டது. பிழைப்புக்காக நகரம் போன சிலர் ஊர் திரும்பினார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

என்னை வருத்துவது மண்ணின் கதை. பொலிவியாவில் உயுனி உப்புவெளியைச் சுற்றி முன்பு மலைச்சரிவில் கையால் விதைத்தார்கள். கீழே சமவெளியில் ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாக்கள் மேய்ந்தன. அவற்றின் சாணமே வயலுக்கு உரம். ஏற்றுமதிக்காகச் சமவெளியில் டிராக்டர் இறங்கியது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, லாமாக்கள் குறைந்தன, எருவும் குறைந்தது. புதர்களை இழந்த மெல்லிய மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போகிறது.

பிறகு பெருவின் கடலோரப் பண்ணைகளிலும் பயிர் பெருகியது. 2015 வாக்கில் விலை சரிந்தது. கடலோரத்தில் வேறு பயிருக்கு மாறிவிடலாம். பனியும் வறட்சியுமான அந்த உப்பு மேட்டில் கினோவாவை விட்டால் வேறென்ன விளையும்?