யூனிட்டா நானோகிராமா: இம்யூனாலஜி பிராக்டிகலில் நான் கவிழ்ந்த இடம்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. பாஸ். மதிப்பெண் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாவது முயற்சி என்பதால், பட்டியலில் என் எண்ணைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தியரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதில் இரண்டு முறையும் தேறிவிட்டேன். போன முறை என்னைக் கவிழ்த்தது பிராக்டிகல். அதிலும் ஒரே ஒரு கணக்கு.

அப்போது வந்தது மனித ரீகாம்பினன்ட் இன்டர்லியூக்கின்-2 (ஐ.எல்-2), நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டும் புரதம். ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்கள், மூன்று குழிகள். ஒன்று வெறும் மீடியம், ஒன்றில் ஐ.எல்-2 மட்டும், மூன்றாவதில் டி செல்களை (வெள்ளணுக்களில் ஒரு வகை) தூண்டும் சி.டி.3, சி.டி.28 ஆன்டிபாடிகளுடன் ஐ.எல்-2. மறுநாள் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) சி.டி.69 பார்த்து எழுத வேண்டும். செல் தூண்டப்பட்டதைக் காட்டும் அடையாளம் அது. கேட்டது மில்லிக்கு 20 யூனிட், அதாவது எடை அல்ல, புரதத்தின் செயல்திறன் அளவு. நான் போட்டது மில்லிக்கு 20 நானோகிராம்.

வையலில் 50 மைக்ரோகிராம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கூடவே கொடுத்த லாட் தாளில் (அந்தத் தயாரிப்புத் தொகுதியின் விவரத்தாள்), மில்லிகிராமுக்கு 1 கோடி யூனிட் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அந்தத் தாளின் மேல்தான் ஐஸ் டப்பாவை வைத்திருந்தேன். வரி நனைந்து ஊறிப்போயிருந்தது. நானோகிராமுக்கு 10 யூனிட் என்றால் 2 நானோகிராம் போதும். நான் பத்து மடங்கு ஊற்றியிருக்கிறேன்.

மறுநாள் மூன்றாவது குழி அழகாக வந்தது. ஐ.எல்-2 மட்டும் போட்ட நடுக்குழியிலும் சி.டி.69 வந்தது, அதுதான் வினை. தேர்வாளர் திரையை என் பக்கம் திருப்பி, “ஏன் தம்பி, இந்தக் கன்ட்ரோல் சும்மா இருக்கணும் இல்லையா?” என்றார். “ஐ.எல்-2 டி செல்லைத் தூண்டும், சார்.” “சரி, இது டி செல்தானா?” பார்த்தால் என்.கே. செல்கள், வெள்ளணுக்களில் வேறொரு வகை.

ஐ.எல்-2 ஒட்டும் ரிசெப்டருக்கு சி.டி.25, 122, 132 என்று மூன்று பாகங்கள். ஓய்வில் இருக்கும் டி செல்லில் பெரும்பாலும் சி.டி.25 இருக்காது. ஆன்டிபாடியின் தூண்டல் கிடைத்த பிறகுதான் அது மேலே வரும். மூன்றும் சேர்ந்தால் 10 பிகோமோலார் அளவிலேயே ஐ.எல்-2 ஒட்டிக்கொள்ளும். 122, 132 மட்டும் என்றால் சுமார் 1 நானோமோலார் வேண்டும். என்.கே. செல்களில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டுதான். புரதத்தின் எடை 15.5 கிலோடால்டன், ஆகவே 20 நானோகிராம் கிட்டத்தட்ட 1.3 நானோமோலார். சரியான அளவு போட்டிருந்தால் 0.13. என்.கே. செல்களுக்கு நானே விருந்து வைத்திருக்கிறேன். தியரித்தாளில் இதே ரிசெப்டரைப் படம் போட்டு எழுதியவன்தான் நான்!

அதனால் என் ஒரே அறிவுரை: லாட் தாளைப் படிக்காமல் பிப்பெட்டைத் தொடாதீர்கள். கை வேகமாக ஓடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்குக் கை நடுங்கும், அதனால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதுதான் சரிப்பட்டது.

மற்றவை சுருக்கமாக:

- வையலைத் திறக்கும் முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ். பொடி மூடியில் ஒட்டியிருக்கும்.
- வோர்டெக்ஸ் வேண்டாம். நுரைத்தால் புரதம் கெடும்.
- நீர்த்த கரைசலில் 0.1 சதவீதம் ஆல்புமின். இல்லாவிட்டால் புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.
- 1 மைக்ரோலிட்டரை நேராக எடுக்காதீர்கள். நடுவில் ஒரு டைல்யூஷன் போடுங்கள்.

வைவாவில் சுற்றிச் சுற்றி வருவது சிஸ்டீன் 125, அதாவது 125-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். மனித ஐ.எல்-2-வில் 133 அமினோ அமிலங்கள், 58-இலும் 105-இலும் உள்ள சிஸ்டீன்களுக்கு இடையே டைசல்ஃபைடு பிணைப்பு. 125 தனியாக நின்று தப்பான ஜோடி சேரும் என்பதால் அதைச் செரீனாக மாற்றுவார்கள். 1992-இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆல்டெஸ்லியூக்கினிலும் இந்த மாற்றம் உண்டு. அப்புறம் எண்டோடாக்சின், பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும், வெப்பத்தைத் தாங்கும் நச்சு. ஈ.கோலை பாக்டீரியாவில் செய்த புரதம் என்றால் கேட்காமல் விடமாட்டார்கள். கொதிக்க வைத்த பிறகும் செல்கள் தூண்டப்பட்டால் ஐ.எல்-2-வைச் சந்தேகிக்காதீர்கள், எண்டோடாக்சினைச் சந்தேகியுங்கள்.

இந்த முறையும் அதே புரதம், அதே 20 யூனிட், வேறு லாட். தாளில் யூனிட் கணக்கே இல்லை, ஈ.டி.50 (பாதி விளைவைத் தரும் அளவு) மட்டும்: மில்லிக்கு 0.2 நானோகிராம். ஒரு மில்லிகிராமில் உள்ள 10 லட்சம் நானோகிராமை அதால் வகுத்தால் மில்லிகிராமுக்கு 50 லட்சம் யூனிட். அப்படியானால் 4 நானோகிராம். (சர்வதேச யூனிட் என்று கேட்டிருந்தால் இது போதாது, உலக சுகாதார நிறுவனத்தின் தரமாதிரியோடு ஒப்பிட்ட எண் வேண்டும்.) பக்கத்து மேசைக்காரர் போன முறை வினாத்தாளை மனப்பாடம் செய்து வந்து 2 நானோகிராம் போட்டுக்கொண்டிருந்தார். தேர்வாளர் என்னிடம் லாட் தாளைக் கேட்டார். கணக்கு அதன் ஓரத்திலேயே பென்சிலில் இருந்தது. பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.