எங்கள் என்று தொடங்கிய ஜெபம்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு புதன்கிழமை. பெரியம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்திலிருந்து வேலூர் போயிருந்தேன். சிஎம்சியில் அவர் முறை வர மதியம் ஆகும் என்றார்கள். கூட அக்காவும் இருந்தார். "இன்னாடா, என் மூஞ்சியையே பாத்துனு இருக்கற? கோட்டைக் கோயிலுக்காவது போய் ஜெபம் பண்ணிட்டு வா" என்று பெரியம்மா துரத்திவிட்டார்.

சொந்தச் சபையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. 'ஜெபம் ஏறெடுக்க அண்ணனைக் கூப்பிடுங்க' என்பார்கள். வீடு குடிபுகுதல், துக்க வீடு, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். மைக் பிடித்தால் கால் மணி நேரம் நிற்காமல் வரும். ஆமென் சத்தம் குறைந்தால் குரலை ஏற்றவும் தெரியும். ஆனால் வீட்டில் தனியாக முழங்கால் போட்டு எத்தனை மாதம் ஆனது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நல்லவேளை.

அகழியைத் தாண்டிக் கோட்டைக்குள் போனேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கூடையோடு கூட்டம். பரிசுத்த யோவான் ஆலயம் அதே கோட்டைக்குள் தனியே நிற்கிறது. 1846இல் கட்டியது. வாரநாள் என்பதால் சாத்தியிருந்தது. 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்று மத்தேயு 6:6 சொல்கிறது. இங்கே பூட்டிய கதவுக்கு வெளியே நான். சிரிப்புதான் வந்தது. வேப்பமர நிழலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மருத்துவமனைக்கே திரும்பினேன்.

வளாகத்துக்குள் சேப்பல் திறந்திருந்தது. ஐந்தாறு பேர், ஆளுக்கொரு மூலை. முன்வரிசையில் ஒரு பாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. சத்தமே இல்லை. வேதாகமத்தில், சீலோவில் அன்னாள் இப்படி ஜெபித்ததைப் பார்த்துத்தான் ஆசாரியரான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ஏலியும் கோயில் ஊழியர்தான், என்னைப் போல.

நானும் தலையைக் குனிந்தேன். 'அன்பும் கிருபையும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே...' பழக்கத்தில் மளமளவென்று வந்தது. இரண்டு வரி தாண்டியதும்தான் உறைத்தது. யார் அந்த 'எங்கள்'? பக்கத்தில் ஒருவரும் இல்லை. கர்த்தருடைய ஜெபத்திலும் 'எங்கள்' உண்டுதான். ஆனால் என் 'எங்கள்' அது இல்லை, எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காகச் சொல்லிப் பழகிய 'எங்கள்'. நிறுத்திவிட்டேன். அலங்காரத்தை எல்லாம் எடுத்துப் போட்டால் சொல்ல ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது.

அப்புறம் ஐடா ஸ்கடர் நினைவுக்கு வந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் கிடந்த மனைவிகளுக்காக அவரை அழைக்க வந்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. ஆண் டாக்டரான அப்பாவை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பெண் அங்கே என்ன சொல்லி அழுதாரோ, கேட்டவர் ஒருவர்தான். வெளியே வந்து, மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவர் ஆரம்பித்த இடம்தான் இது.

சரி, நானும் வாயைத் திறந்தேன். "அப்பா, பெரியம்மாவுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது. பயமா இருக்கு." அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, தம்பியோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருப்பதும் வந்தது. எந்தக் கூட்டத்திலும் நான் சொல்லாத விஷயம் அது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தபோது பாட்டியின் இடம் காலியாக இருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது, பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் பெரியம்மா கேட்டார்: "கோட்டைக் கோயில்ல நல்லா ஜெபம் பண்ணியாடா?"

"கோயில் சாத்தி இருந்துச்சு பெரியம்மா."

"அப்போ இவ்ளோ நேரம் எங்க இருந்த?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையில் இருந்த போனில் தம்பியின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.