ரப்பர் விளையில் மேக்பெத்

2021 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வந்த மலையாளப் படம் ஜோஜி, அரசனைக் கொன்று சிம்மாசனம் பிடிப்பவனைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைத் தழுவியது. படத்தில் ஜோஜி என்ற கடைசி மகன், அப்பன் குட்டப்பனின் மாத்திரையை மாற்றி வைத்து அவரைக் கொல்கிறான். எழுத்து ஷ்யாம் புஷ்கரன், இயக்கம் திலீஷ் போத்தன். நாடகத்தில் வரும் சூனியக்காரிகள் எங்கே என்று தேடாமல், சிம்மாசனத்துக்குப் பதில் ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, வைத்தபோது கதையில் எது உடைந்தது, அதை எப்படி ஒட்டினார்கள் என்று பாருங்கள். ரப்பர் விளையும் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

முதல் கணக்கு வாரிசுரிமை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறப்பால் வரும் பங்கு கிடையாது. குட்டப்பன் உயிரோடு இருக்கும்வரை மூன்று மகன்களும் கை ஏந்த வேண்டியதுதான். கதையை அருமனைக்குக் கொண்டுவந்தாலும் குடும்பத்தைக் கிறிஸ்தவக் குடும்பமாகவே விட வேண்டும். நம்ம பக்கம் இந்துக் கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்து என்றால் ஜோஜி பாகம் கேட்டு கோர்ட்டுக்குப் போயிருப்பான். மாத்திரையை மாற்றி வைக்கும் வேலையே வந்திருக்காது. (கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையையே 1975 சட்டத்தால் ஒழித்துவிட்டார்கள். அது வேறு கதை.)

அடுத்த ஓட்டை இதைவிடப் பெரிது. சிம்மாசனம் ஒருவனுக்குத்தான், விளையோ ஆளுக்கு மூன்றில் ஒன்று. மூத்த அண்ணன் ஜோமோன் செத்தாலும் அவன் பங்கு மகன் போப்பிக்குத்தான் போகும், ஜோஜிக்குச் சல்லிக்காசு கிடைக்காது. அதனால்தான் ஜோஜி ஜோமோனைக் கொல்லும் இரண்டாம் கொலைக்குச் சொத்தைக் காரணமாக்காமல், அப்பன் சாவில் ஜோமோனுக்கு வந்த சந்தேகத்தைக் காரணமாக்கினார்கள். கெட்டிக்கார ஒட்டு.

குட்டப்பன் விஷயத்தில் எனக்கு முழு சம்மதமில்லை. மூலத்தில் டங்கன் நல்ல அரசன், விருந்தாளியாக வந்த இடத்தில் தூக்கத்தில் சாகிறான். இங்கே அப்பன் முரடர். குளத்தில் சிக்கிய பம்ப் குழாயைத் தானே இழுக்கப்போய்ப் பக்கவாதத்தில் விழுகிறார். அவர் செத்தால் வீடே மூச்சு விடும் என்ற நிலையில், பாவத்தின் கனம் பாதி குறைந்துவிடுகிறது.

கத்தியை விட்டு மாத்திரையைப் பிடித்தது சரி. ரப்பர் பால்வெட்டு நடக்கும் நாளில் விடிவதற்கு முன்பே தலைவிளக்கோடு ஆள் நடமாட்டம் இருக்கும்; வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் அந்த நேரம். ரத்தக்கறையோடு வெளியே வந்து கை கழுவ அங்கே தோதுப்படாது.

உண்ணிமாயா நடித்த ஜோஜியின் அண்ணி பின்சிதான், மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத்தின் இடத்தில் நிற்பவள். அப்பன் செத்த வீட்டில் ஜோஜியிடம் மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள். கொரோனா காலம், யாருக்கும் உறுத்தாது. பொய் முகத்தால் பொய் மனதை மறை என்று மேக்பெத் வசனமாகப் பேசுவதை, ஒரு துணித்துண்டு முடித்துவிடுகிறது.

மேக்பெத் வாளோடு நின்று சாகிறான். ஜோஜி அப்பன் கிடந்த அதே கிடையில், கண் மட்டும் அசைய.