மெத்தென்ற சப்பாத்தும் கன்னியாவின் கற்களும்

கடற்கரை வீதியில் மட்டும் ஓடியவரை சப்பாத்தைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்து மண்பாதைகளில் ஓடத் தொடங்கிய பிறகுதான், தார் வீதிக்கென்று செய்த வழுவழுப்பான அடிப்பாகம் மாரி மழையில் எப்படிச் சறுக்கும் என்பதை என் முழங்காற் சிராய்ப்பு சொல்லித் தந்தது.

இம்முறை புதுச் சப்பாத்து வாங்கப் போனபோது முதலில் பார்த்தது, அடிப்பாகத்தின் நடுவிலுள்ள மெத்தென்ற நுரையைத்தான். குதிக்காலின் கீழ் 30 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பிருந்தால் நீண்ட ஓட்டத்தில் பாதத்துக்கு இதம் என்பது உண்மையே. ஆயினும் நுரை உயர உயரக் கால் நிலத்தை விட்டு விலகுவதால், கல்லின் விளிம்பில் மிதிக்கும்போது கணுக்கால் பிரளும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே அகன்ற அடிப்பாகமும், குதிக்காலை இறுகப் பிடிக்கும் பின்பகுதியும் எனக்கு முக்கியமாகப் பட்டன. கடையில் ஒவ்வொரு சப்பாத்தையும் ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்த்தேன். சட்டென்று முறுகியவற்றை ஒதுக்கிவிட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தது வேறு கதை.

குதிக்காலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். 8 மில்லிமீற்றருக்குப் பழகியவர், ஆல்ட்ரா நிறுவனத்தின் பெரும்பாலான சப்பாத்துகளைப் போல வேறுபாடே இல்லாத ஒன்றுக்கு ஒரே நாளில் மாறினால் கெண்டைக்கால் வலிக்கத் தொடங்கும்.

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் காலுறையுடனேயே போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் விட்டு வாங்கினேன். நீர் புகாத வகையை வேண்டாமென்றேன். நமது வெக்கைக்கு அதற்குள் வியர்வையே குளமாகிவிடும். வலைத்துணி வழியே உப்புவெளிக் கடற்கரை மணல் புகுவதைத்தான் இன்னும் தடுக்க முடியவில்லை.