அழித்துவிட்டால் போதுமா?

இந்தத் தேர்தல் நேரத்தில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் உறுத்துகிறது. எனக்குப் பிடிக்காத கட்சியின் வேட்பாளர் பேசிய வீடியோ ஒன்று வந்தது, அரை நிமிடம்கூட இருக்காது, பார்த்ததும் கோபம், அந்தக் கோபம் அடங்குவதற்குள் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் முழுப் பேச்சையும் கேட்டால், எதிர்த்தரப்பு சொன்னதை எடுத்துச் சொல்லி அதை அவர் மறுத்துத்தான் பேசியிருக்கிறார். மறுத்த பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் அழித்தேன், அவ்வளவுதான்.

ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்களே. அவர்கள் மேற்கொண்டு யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ, அதை என்னால் அழிக்க முடியாது.

பொய் பரப்புவது கூலிக்குப் பதிவு போடுகிறவர்களும் போலிக் கணக்குகளும்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை வேறு மாதிரி சொல்கிறது. உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம், அதிலும் அரசியல் பொய்கள்தான் எல்லாவற்றையும் முந்துகின்றன. தானியங்கிக் கணக்குகள் உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பினவாம். அப்படியென்றால் அந்த வேகம் நம்மைப் போன்றவர்களின் விரலிலிருந்துதான் வருகிறது.

கடைசி நேரம் என்றால் இன்னும் மோசம். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கட்சித் தலைவர் ஒருவரும் ஒரு பத்திரிகையாளரும் தேர்தலில் முறைகேடு செய்வது பற்றிப் பேசுவதாக ஒரு ஆடியோ சுற்றியது. போலி என்று இருவருமே மறுத்தார்கள், ஆனால் அது பிரசாரம் ஓய்ந்திருக்க வேண்டிய நேரம். அந்த மாதிரி நேரத்தில் மறுப்பு எத்தனை பேரைப் போய்ச் சேரும்?

நம் பக்கத்துக்குச் சாதகமான பொய்யைத்தான் நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. எதிர்த்தரப்பு அனுப்புவதில் ஆயிரம் ஓட்டை கண்டுபிடிக்கிற எனக்கு, அந்த அரை நிமிட வீடியோவின் முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இதற்கு அவசரத்தைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது.

சரி, நேற்று அந்த மூன்று குழுக்களிலும் முழுப் பேச்சைப் போட்டு, நான் அனுப்பியது வெட்டி ஒட்டியது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். "இது நமக்குத்தானே பாதகம், இப்ப எதுக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். வாக்குப்பதிவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதனால்தான் என்று பதில் போட்டேன்.