கச்சான் சரையில் வந்த கதை

யூலை 5, 2025, சனி

வாசிகசாலைத் தம்பி பின்னேரம் வந்தார். ஆடிப்பிறப்பன்று சிறுவர்களுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம். அதற்கு முன் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். தலைப்பையும் கையோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார்: ‘போர்க்காலச் சிறுவர்களும் இலக்கியத்தின் வலிமையும்’. "அக்கா, நீங்கள் அந்தக் காலத்தில இஞ்சதானே இருந்தனீங்கள்" என்றார்.

யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன். 1995இல் எனக்கு ஒன்பது வயது. ஆனால் அந்த ‘வலிமை’யைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. ஷெல் கூவிக்கொண்டு வரும்போது எந்தப் புத்தகமும் எனக்கு வலிமை தந்ததாக நினைவில்லை. காதைப் பொத்திக்கொண்டு குனிந்து இருந்ததுதான் நினைவிருக்கிறது.

சரி, வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கூழ் ஆசையும் ஒரு காரணம்.

யூலை 6, ஞாயிறு

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு எடுத்தேன். தலைப்பைச் சொன்னதும் சிரித்தான். "கச்சான் சரையைச் சொல்லன்" என்றான். கச்சான் என்றால் வேர்க்கடலை, சரை அதைச் சுற்றித் தரும் கடதாசிச் சுருள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அரசு யாழ்ப்பாணத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலம். பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் விலை, தாளுக்கும் தட்டுப்பாடு. பேப்பரே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாள்கள் உண்டு. பள்ளிக்கூட வாசலில் கச்சான் விற்கும் ஆச்சி, நிறைக்கு வாங்கிய பழைய புத்தகங்களை ஒற்றை ஒற்றையாகக் கிழித்துத்தான் சரை சுற்றுவார். அண்ணாவுக்கு ஒருநாள் கிடைத்த ஒற்றையில் ஒரு கதை. நடுக்கடலில் புயல், படகில் ஒரு கிழவரும் பேரனும், பாய் கிழிகிறது. பக்கம் 42 அரை வசனத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் கச்சானுக்குப் போனான். கிடைத்தது பக்கம் 67. அதில் பேரன் கரையில் நிற்கிறான், கிழவரைக் காணோம்.

"ஆச்சி, அடுத்த ஒற்றையைத் தாங்கோ."

"உனக்குக் கச்சான் வேணுமோ, கடதாசி வேணுமோ?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் கச்சான் தின்றோம். வகுப்பில் வேறு இரண்டு பெடியன்களிடமும் அதே கதையின் ஒற்றைகள் இருந்தன. ஒருவனிடமிருந்து 51ஆம் பக்கத்தை வாங்க அண்ணா தன் ரென்னிஸ் பந்தைக் கொடுத்தான். தாள்களைப் பாய்க்கு அடியில் வைத்து நிமிர்த்தி, ஊசி நூலால் தைத்தோம். கச்சான் மணலில் வறுபடுவது, எனவே எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் மடிப்பிலிருந்து இரண்டு மணி மணல் உதிரும். இரவில் ஜாம் போத்தல் விளக்கு: அடியில் பஞ்சு, பஞ்சு நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு திரி. எட்டு மணிக்கு அம்மா ஊதி அணைத்துவிடுவார். பிறகு இருட்டில் படுத்துக்கொண்டு அண்ணாவும் நானும், 43இலிருந்து 50வரை என்ன நடந்திருக்கும் என்று சண்டை போடுவோம்.

பயம் போகவில்லை. அதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ஆனால் பயத்தோடு பக்கத்தில் இன்னொரு கவலையும் வந்து இருந்துகொண்டது, எங்கள் வயதுக்குத் தூக்கக்கூடிய கவலை. கிழவருக்கு என்ன ஆனது?

யூலை 9, புதன்

நவாலி. 30 வருடம்.

காலையில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்துக்குப் போய்வந்தேன். 1995இல் இதே நாள் வலிகாமம் மேற்கில் இராணுவம் முன்னேறத் தொடங்க, ஊர் ஊராகச் சனம் எழும்பி ஓடி, களைத்துப்போய் அந்தத் தேவாலயத்தில் தங்கியது. பின்னேரம் விமானப்படை குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் போனார்கள். நாங்கள் மானிப்பாயிலிருந்து அன்று காலையே புறப்பட்டு நல்லூரில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். இரவுதான் செய்தி வந்தது. அம்மம்மாவுக்குத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

நவாலி என்றால் அதற்கு முன்பு எங்களுக்கு ஒரே அர்த்தம், சோமசுந்தரப் புலவர். தங்கத் தாத்தா என்போம். அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடமாக்காத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டா? அந்த வருடம் குண்டு விழுந்து எட்டாம் நாள் ஆடிப்பிறப்பு. கூழ் இல்லை என்று அம்மம்மா சொல்லிவிட்டார்.

ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் பின்னேரம் பொம்மர் சத்தம் கேட்டு எல்லோரும் மாமரத்தடிப் பங்கருக்குள் இறங்கினோம். மேலே பனங்குற்றி, மண்மூட்டை. உள்ளே ஈரமும் தவளையும். சின்னம்மாவின் மகளுக்கு ஐந்து வயது. இருந்தாற்போல உரத்துப் பாடத் தொடங்கினாள், அதே பாட்டை. ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை என்று தொடங்கும். பழைய யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட லீவுக்கு விடுதலை என்றுதான் பெயர். எங்கள் காலத்துச் சுவர்களில் எழுதியிருந்த விடுதலை வேறு.

"அம்மம்மா, நாளைக்கு விடுதலையோ?"

"பள்ளிக்கூடமே இல்லை, பிறகென்ன விடுதலை பிள்ளை."

அவள் விடவில்லை. பாட்டில் கூழ் காய்ச்சும் இடத்துக்கு வந்தாள். வரி ஒன்றை விட்டுவிட்டுப் பனங்கட்டிக்குத் தாவினாள். அம்மம்மாவால் பொறுக்க முடியவில்லை. "பயறு வறுக்காமலோ?" என்றார். சின்னம்மா, "வறுத்தால் போதாது, குத்தவும் வேணும்" என்றார். பக்கத்து வீட்டு மாமி தேங்காய்ப் பாலை எப்போது விடுவது என்று தொடங்கினார். மேலே அது சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே மூன்று பெண்கள் மாவின் பதத்துக்காக வாக்குவாதப்பட்டார்கள். பாட்டைச் சரியாகச் சொல்லித் திருத்திய பிறகுதான் ஓய்ந்தார்கள். பொம்மர் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

யூலை 11, வெள்ளி

பேச்சுக்காகக் கொஞ்சம் வாசித்தேன். 1942, வார்சோ கெட்டோ, போலந்தில் நாசிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி. யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், எழுத்தாளரும்கூட, தன் அநாதை இல்லப் பிள்ளைகளைக்கொண்டு தாகூரின் ‘அஞ்சலகம்’ நாடகத்தைப் போட்டிருக்கிறார், யூலை 18ஆம் திகதி. நோயாளிச் சிறுவன் ஒருவன் யன்னலோரம் இருந்து அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மூன்று வாரம் ஆகுமுன் ஏறத்தாழ 200 பிள்ளைகளையும் திரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தப்ப வழி இருந்தும் அவர் பிள்ளைகளோடு போனார்.

இதைக் கூழ் குடிக்க வரும் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் சிறுவனாக நடித்த பிள்ளையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மேடையேறும் முன், வசனம் மறந்துபோகுமோ என்று அந்தப் பிள்ளை பயந்திருக்கும்.

யூலை 13, ஞாயிறு

யாழ்ப்பாண நூலகத்தையும் பேச்சில் சேர்க்கட்டோ என்று அம்மாவிடம் கேட்டேன். 1981இல் அதை எரித்தது, 97,000 புத்தகம், ஏடுகள், எல்லாம் சொல்லலாமே. அம்மா சின்ன வயதில் அங்கே சிறுவர் பகுதிக்குப் போனவர். "எண்ணிக்கையைச் சொன்னால் பிள்ளையள் கொட்டாவி விடுங்கள்" என்றார். அப்புறம் நீண்ட நேரம் பேசவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

யூலை 17, வியாழன்

கூழ் நன்றாக இருந்தது. உறைப்பு இல்லாத இனிப்புக் கூழ், பலாவிலையைக் கோலிக் கொடுத்தார்கள். எனக்கு இலை பிரிந்து சேலையில் ஊற்றுப்பட்டது.

பேச்சு ஆறு நிமிடம்தான். தலைப்பைத் தொடவே இல்லை. கச்சான் ஆச்சியையும் ரென்னிஸ் பந்தையும் மட்டும் சொன்னேன். சிரித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து மழைக்குள் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அம்மா கூப்பன் மட்டையையும் சேர்ட்டிபிக்கற்றுகளையும் எடுத்தார், அண்ணா தைத்த கதைத் தாள் கட்டைத் தன் சேர்ட்டுக்குள் செருகினான், நாவற்குழிக்கு வருமுன்பே அது நனைந்து கூழாகிவிட்டது என்று முடித்தேன். கூழ் என்றதும் திரும்பவும் சிரித்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் கலையும்போது முன்வரிசைப் பெடியன் ஒருவன் வந்தான். ஏழெட்டு வயது இருக்கும்.

"ரீச்சர், அந்தத் தாத்தா செத்துப்போனாரோ?"

"தெரியாது. அந்த ஒற்றைகள் கிடைக்கவே இல்லை."

"புத்தகத்தின்ர பேர்?"

"அட்டையைக் கண்டதில்லை."

"உங்கட அண்ணாவுக்குத் தெரியுமோ?"

"அவருக்கும் தெரியாது."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி நின்றான். கையில் பலாவிலை, அதிலிருந்து கூழ் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன் எங்களுக்குச் சொன்னனீங்கள்?" என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.