பஸ்த்ரானா அரண்மனை மாடல்: இதுவரைக்கும் முடிஞ்சது

ஸ்பெயின்ல குவாதலஹாரா மாகாணத்துல இருக்குற குட்டி ஊரு பஸ்த்ரானா, இப்ப அங்க ஆயிரம் பேர் அளவுக்குத்தான் இருப்பாங்க. அந்த ஊரு அரண்மனையையும் அதுக்கு முன்னாடி இருக்குற சதுக்கத்தையும் 1:200 ஸ்கேல்ல ஃபோம் போர்டுல செஞ்சுட்டு இருக்கேன். முன்பக்கச் சுவரும் ரெண்டு ஓரத்து டவரும் நின்னாச்சு, ஓடு போடுற வேலை பாதியில இருக்கு.

பஸ்த்ரானான்னாலே எல்லாரும் எபோலி இளவரசி அனா தே மெந்தோசாவைப் பத்தித்தான் பேசுவாங்க, ஒரு கண்ணுல கருப்புப் பட்டி கட்டுன படம் பார்த்திருப்பீங்க. ஆனா இந்த அரண்மனையைக் கட்ட ஆரம்பிச்சது அவங்க இல்ல, அவங்க அப்பாவோட அம்மா அனா தே லா செர்தா. அதுவரைக்கும் கலத்ராவாங்குற ராணுவத் துறவிகள் சபை கையில இருந்த ஊரை 1541ல பேரரசர் அஞ்சாம் சார்லஸ் வித்தப்ப, புருஷனை இழந்த அந்த அம்மாதான் விலைக்கு வாங்கி அலோன்சோ தே கொவர்ருபியாஸை வச்சு வேலையை ஆரம்பிச்சாங்க. அவங்க மாமனார் யாருன்னா கார்டினல் மெந்தோசா, ஆமா, கத்தோலிக்கக் கார்டினலுக்குப் பிள்ளைங்க இருந்தாங்க, ராணி இசபெல்லா காலத்துல ஸ்பெயினையே ஆட்டி வச்ச மனுஷன். மாடலுக்குப் பக்கத்துல வைக்கிறதுக்கு ஒரு வம்சாவளி சார்ட்டும் போடுறேன், அதுல மேல அவர் பேரு வந்ததும் இவ்ளோ பெரிய வீடு இந்தச் சின்ன ஊர்ல ஏன்னு எனக்கு நல்லாவே பிடிபட்டுச்சு.

சுவருக்கு 5 மி.மீ. போர்டு எடுத்தேன், இந்த ஸ்கேல்ல அது 1 மீட்டர் தடிமன், பழைய கல் சுவருக்கு சரியா இருக்கு. மேல் பேப்பரை உரிச்சுட்டு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால கல் வரிசையைக் கீறினா கோடு அழகா பதியுது, அதுக்கு மேல மஞ்சள் காவியில கொஞ்சம் வெள்ளை கலந்து ரொம்பத் தண்ணியா அடிச்சு, காஞ்சதும் டீ டிகாஷன் ஒரு கை விட்டா அந்தத் தேன் நிறக் கல்லு வந்துருது. ஓட்டுக்கு நெளி அட்டை, ஒரு பக்கத்துப் பேப்பரை நனைச்சு உரிச்சுடணும். வாசலுக்குத்தான் ரொம்ப நேரம் புடிச்சுது, அரைவட்ட வளைவு, ரெண்டு பக்கமும் தூண், வளைவோட மூலைங்கள்ல வட்டத்துக்குள்ள தலை உருவம், இதெல்லாம் பேப்பர் க்ளேயில ஊசி முனையால செதுக்குனேன், முகம் தெரியாது, ஆனா வெளிச்சம் சாஞ்சு விழும்போது அங்க ஏதோ இருக்குன்னு தெரியுது, எனக்கு அது போதும்.

சதுக்கத்துக்கு மூணு பக்கம்தான் கட்டடம், நாலாவது பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் எதுவும் வைக்காம அடிப்பலகையையே சரிவா வெட்டிருக்கேன்.

ஊரு உண்மையிலயே செழிச்சது பேத்தி, அதாவது எபோலி இளவரசி அனா காலத்துலதான். அவங்க வீட்டுக்காரர் ருய் கோமேஸ் தே சில்வா போர்ச்சுகல்காரர், சின்னப் பையனா ஸ்பெயினுக்கு வந்து ராஜா ரெண்டாம் பிலிப்புக்கு ரொம்ப நெருக்கமானவர். 1569ல குடும்பத்துக்குள்ளயே ஊரை வாங்கி, 1572ல பஸ்த்ரானா ட்யூக் ஆனார். மொரிஸ்கோன்னா முஸ்லிமா இருந்து கிறிஸ்தவங்களா மாத்தப்பட்ட ஜனங்க, அவங்க பண்ணுன அல்புஹார்ரா கலகத்துக்கு அப்புறம் கிரானடாவுல இருந்து துரத்தப்பட்ட மொரிஸ்கோ குடும்பங்களை இங்க குடி வச்சார், பட்டுத் தொழில் அவங்க கையாலதான் இங்க வளர்ந்துச்சு, அவங்க தெருவுக்கு இன்னிக்கும் அல்பைசின்னுதான் பேரு. 1609ல இருந்து மொரிஸ்கோக்களை நாட்டை விட்டே அனுப்புனப்ப அந்தத் தொழிலும் படுத்துருச்சு. ட்யூக் கதையை விட இந்த ஜனங்க கதைதான் எனக்கு ரொம்ப வலிக்குது, மாடல்ல அவங்க வீடுங்க இல்லாம இருக்கவே கூடாது.

1573ல ருய் கோமேஸ் செத்துப் போனார். அனா ஊர்ல இருந்த கார்மேல் மடத்துக்கே போய் உக்காந்து இளவரசி மாதிரியே நடந்துக்க, அந்த மடத்தை ஆரம்பிச்ச கன்னியாஸ்திரீ அவிலா தெரேசா 1574ல அங்க இருந்த கன்னியாஸ்திரீங்க எல்லாரையும் செகோவியாவுக்கு வரவழைச்சுட்டாங்க. அப்புறம் ராஜாவோட செயலாளர் அன்தோனியோ பெரேஸோட கூட்டு, 1578ல ராஜாவோட தம்பிக்குச் செயலாளரா இருந்த எஸ்கோபேதோ கொலை, 1579 ஜூலைல ரெண்டு பேரும் கைது. பின்தோ கோபுரம், சான்தோர்காஸ் கோட்டைன்னு மாத்தி மாத்தி அடைச்சு வச்சுட்டு 1581ல சொந்த வீட்டுலயே காவல்ல போட்டாங்க. 1590ல பெரேஸ் தப்பிச்சு அரகோனுக்கு ஓடுனதும் ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடிச்சாங்க, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் டவர் ஜன்னல்ல நின்னு சதுக்கத்தைப் பார்க்க விட்டாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க, சதுக்கத்துக்கு ப்ளாசா தே லா ஓரா, அதாவது ஒரு மணி நேரச் சதுக்கம்னு பேரு வந்ததும் அதனாலன்னுதான் சொல்றாங்க. 1592 பிப்ரவரி 2ல அங்கயே இறந்துட்டாங்க. ஒரு கோர்ட் விசாரணை, தீர்ப்பு எதுவுமே கிடையாது, என்னால இதை ஏத்துக்கவே முடியல.

அந்த ஜன்னலுக்கு சன்ன செம்புக் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமா வச்சு, சேர்ற இடத்துல எல்லாம் குண்டூசி முனையால ஒரு சொட்டு ஃபெவிக்விக் வச்சு, காஞ்சப்புறம் கருப்பு அடிச்சேன். மத்த ஜன்னலுங்களுக்கும் கம்பி போடணும், ஆனா அதுக்கு அட்டைக் கீத்து போதும், கண்ணு போறது இந்த ஒண்ணுக்குத்தான்.

சார்ட்டுல கீழ வந்தா இன்னொரு ஆச்சரியம், 1588ல இங்கிலாந்து மேல போன ஆர்மடா கப்பல் படைக்குத் தலைமை தாங்குன மெதினா சிதோனியா ட்யூக் அனாவோட மருமகன். அனாவோட ஒரு மகன் பெத்ரோ கொன்சாலேஸ் தே மெந்தோசா பேராயர் ஆகி, ஊரு பெரிய கோயிலை, அதாவது சர்ச்சை விரிவாக்கிக் கட்டுனார், அப்பா அம்மா கல்லறை அதுக்குக் கீழதான் இருக்கு.

அடுத்து செய்யப்போறது அந்தக் கோயில்தான். போர்ச்சுகல் ராஜா அஞ்சாம் அஃபோன்சோ 1471ல மொராக்கோவுல அசிலாவையும் தாஞ்சியரையும் புடிச்சதைக் காட்டுற பெரிய சுவர்த் திரைங்க அங்க இருக்கு, ஒவ்வொண்ணும் சுமார் 11 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், ஆயிரம் ஈட்டி நெருக்கிட்டு நிக்கிற மாதிரி நெசவு. இந்த ஸ்கேல்ல அஞ்சரை சென்டிமீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் வரும், துணியில பிரின்ட் எடுத்தா நிறம் ஊறிப் போயிடும்னு தோணுது, அதனால மெல்லிசான மேட் பேப்பர்ல எடுத்துப் பின்னாடி பருத்தித் துணி ஒட்டலாம்னு இருக்கேன். அது முடிஞ்சதும் அல்பைசின் வீடுங்க.